வெளியேற்றம் என்னும் நேர்கோடு: பீச்சூற்று மாதிரிகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடந்த சில மாதங்களில், புவிவெப்பத் தேக்கங்களை, அதாவது நிலத்தடியில் வெந்நீரும் ஆவியும் தங்கியிருக்கும் பாறைப் பகுதிகளை, கணினியில் மாதிரியாக்கப் பழகும் இளையவர்கள் சிலரின் கோப்புகளைப் பார்த்துத் தரும் வேலை எனக்கு வாய்த்தது. அவற்றுள் மூன்றில், நான் என் தொடக்க காலத்தில் செய்து எட்டு மாத உழைப்பை இழந்த அதே தவறு, ஏறத்தாழ அதே வடிவில் இருந்தது. அந்த எரிச்சலில்தான் இதை எழுதுகிறேன். அலகுகளை மாற்றிப் போடுவது, கெல்வினையும் செல்சியசையும் குழப்புவது, பழைய கோப்பை ஓட்டிவிட்டுப் புதிய முடிவு என்று நம்புவது போன்றவற்றை இங்கே பேசப்போவதில்லை. அவை தாமாகவே வெளிப்பட்டுவிடும். சரியான விடைபோலவே தோன்றும் தவறுகளே நமக்குச் சிக்கல்.

சொல்லைப் பற்றி ஒரு விளக்கம். நம் வீடுகளில் ‘கீசர்’ என்றால் குளியலறைச் சுவரில் தொங்கும் வெந்நீர்க் கலன். அந்தச் சொல் ஐஸ்லாந்தின் ஹௌகாடாலுர் பள்ளத்தாக்கில் உள்ள ‘கெய்சிர்’ என்ற ஊற்றின் பெயரிலிருந்து உலகெங்கும் பரவியது. குழப்பத்தைத் தவிர்க்க, விட்டுவிட்டுப் பீறிடும் இயற்கைக் கொதிநீர் ஊற்றை இங்கே ‘பீச்சூற்று’ என்று குறிப்பிடுகிறேன்.

பீச்சூற்றையும் தேக்கத்தையும் ஒரே வலையில் அடைப்பது

அமெரிக்காவின் எல்லோஸ்டோன் பூங்காவிலுள்ள ஓல்டு ஃபெய்த்ஃபுல் பீச்சூற்றின் குழாய்க்குள் 1990-களில் ஒரு சிறு கேமராவை இறக்கிப் பார்த்தார்கள். தரையிலிருந்து சுமார் 7 மீட்டர் ஆழத்தில் அந்தக் குழாய் 11 சென்டிமீட்டர் அளவுக்கு ஒடுங்குவது தெரிந்தது. வெடிப்பின்போது நீரும் நீராவியும் எவ்வளவு வேகமாக வெளியேற முடியும் என்பதில் அந்த ஒடுக்கத்திற்குப் பெரும் பங்கு உண்டு. அதே வேளையில், ஒரு புவிவெப்பத் தேக்கத்தை மாதிரியாக்கும்போது நிலத்தடியைப் பிரித்து நாம் அமைக்கும் கட்டங்கள் ஒவ்வொன்றும் நூறு, இருநூறு மீட்டர் பக்கமுடையவை. நூறு மீட்டர் கட்டத்திற்குள் 11 சென்டிமீட்டர் ஒடுக்கம் இருப்பதாகப் பாவித்துக்கொண்டு, அந்தக் கட்டத்தின் அழுத்தம் ஏறி இறங்குவதைப் ‘பீச்சூற்றின் வெடிப்பு’ என்று அழைப்பவர்களை இன்றும் காண்கிறேன். அது பெரும்பாலும் காலப்படியின், அதாவது கணினி ஒரே தாவலில் கடக்கும் கால அளவின், நீளம் மாறுவதால் வரும் எண்கணித ஊசல். காலப்படியைப் பாதியாக்கிப் பாருங்கள், ‘வெடிப்பின்’ இடைவெளியும் மாறிவிடும்.

பீச்சூற்றின் காலம் நிமிடங்களில் ஓடுகிறது, தேக்கத்தின் காலம் பத்தாண்டுகளில். இரண்டுக்கும் இரண்டு மாதிரிகள் வேண்டும். தேக்க மாதிரி குழாயின் அடியிலுள்ள அழுத்தத்தையும் வெப்பத்தையும் தர, குழாய் மாதிரி அவற்றை எல்லை நிபந்தனையாக வாங்கிக்கொண்டு வெடிப்புகளைக் கணக்கிட வேண்டும். குழாயின் ஊடுருவுதிறன் (நீரைத் தன் வழியே ஓட விடும் திறன்) சுற்றியுள்ள பாறையினுடையதைவிட மிக அதிகமாக இருந்தால்தான் விட்டுவிட்டுப் பீறிடும் நடத்தை தோன்றும் என்பது 1990-களில் செய்த எளிய மாதிரிகளிலேயே தெளிவாகிவிட்டது. ஊடுருவுதிறன் வேறுபாட்டைக் குறைத்தால் ஊற்று அமைதியாக வழியத் தொடங்கிவிடும்.

சராசரி இடைவெளியை நம்புவது

புள்ளியியல் படித்தவர்கள் ‘ஆர்’ மென்பொருளோடு வரும் ஓல்டு ஃபெய்த்ஃபுல் தரவை அறிவார்கள். அதில் 272 பதிவுகள் உள்ளன. காத்திருப்பு நேரத்தின் சராசரி சுமார் 71 நிமிடம். ஆனால் பதிவுகள் 71-ஐச் சுற்றிக் குவியவில்லை. ஒரு குவியல் 55 நிமிடத்தை ஒட்டியும் இன்னொன்று 80 நிமிடத்தை ஒட்டியும் இருக்கின்றன. குறுகிய வெடிப்புக்குப் பின் குறுகிய காத்திருப்பு, நீண்ட வெடிப்புக்குப் பின் நீண்ட காத்திருப்பு: குழாயில் எவ்வளவு நீர் மிஞ்சியது என்பதே அடுத்ததைத் தீர்மானிக்கிறது. உங்கள் மாதிரி 71 நிமிடத்திற்கு ஒருமுறை ஒழுங்காக வெடித்தால், அந்த ஊற்று அரிதாகவே செய்யும் ஒன்றை நீங்கள் வெற்றிகரமாகச் செய்து காட்டியிருக்கிறீர்கள் என்று பொருள்.

சராசரி எப்போதும் பயனற்றது என்றும் சொல்லவில்லை. சிலியில் கடல்மட்டத்திலிருந்து 4,300 மீட்டர் உயரத்திலுள்ள எல் தாத்தியோ வெளியில் ‘எல் ஹெஃபே’ என்றொரு பீச்சூற்று ஏறக்குறைய 132 விநாடிகளுக்கு ஒருமுறை, கடிகாரம் தோற்கும் ஒழுங்கில் வெடிப்பதை நாள்கணக்கில் அளந்திருக்கிறார்கள். அதற்குச் சராசரி போதும். முதலில் பரவலை வரைந்து பார்த்துவிட்டு, பிறகு எதைப் பொருத்துவது என்று முடிவு செய்ய வேண்டும் என்பதே நான் கேட்பது.

தரவு எப்படிப் பதிவானது என்று கேட்காமல் விடுவதும் இதே வகைத் தவறுதான். 1985 ஆகஸ்டில் இடைவிடாமல் குறிக்கப்பட்ட 299 ஓல்டு ஃபெய்த்ஃபுல் வெடிப்புகளின் பட்டியல் ஒன்றும் புழக்கத்தில் இருக்கிறது. இரவு நேரங்களில் வெடிப்பின் நீளத்தைத் துல்லியமாக அளக்காமல் ‘குறுகியது, நடுத்தரம், நீண்டது’ என்று மட்டும் எழுதி, பின்னர் அவற்றை 2, 3, 4 நிமிடங்கள் என்று எண்ணாக்கியிருக்கிறார்கள். ஒரு மாணவர் அந்தப் பட்டியலில் மிகச் சரியாக 4 நிமிடத்தில் நிற்கும் கூர்மையான கோபுரத்தைக் கண்டு, குழாயின் வடிவியலைக் கொண்டு அதற்கு மூன்று பக்க விளக்கம் எழுதியிருந்தார். விளக்கம் அழகாகவே இருந்தது. இன்னொருவர் நியூசிலாந்தின் வையோட்டாப்புவிலுள்ள ‘லேடி நாக்ஸ்’ பீச்சூற்றுக்கு 24 மணி நேரச் சுழற்சி இருப்பதைக் கண்டுபிடித்து, பகல் வெப்பத்தோடு அதை இணைக்க முயன்றார். அந்த ஊற்றில் பார்வையாளர்களுக்காக நாள்தோறும் காலை 10.15 மணிக்குச் சோப்பு போட்டு வெடிக்க வைக்கிறார்கள்.

வெளியேற்றத்தை எண்ணாக எழுதிவிடுவது

நான் சொல்ல வந்தது இதுதான். மற்றவற்றைப் படிக்க நேரமில்லாதவர்கள் இந்தப் பகுதியை மட்டும் படித்தாலும் போதும்.

ஒரு சிறு நகரம், அதன் ஓரத்தில் பீச்சூற்றுகளும் வெந்நீர் ஊற்றுகளும், நகரத்தின் அடியில் வீடுகளையும் விடுதிகளையும் சூடாக்க வெந்நீர் எடுக்கும் ஆழ்துளைக் கிணறுகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிணறுகளிலிருந்து இன்னும் கூடுதலாக எடுத்தால் ஊற்றுகளுக்கு என்ன ஆகும் என்பதே உங்களிடம் கேட்கப்படும் கேள்வி. நீங்கள் முதலில் கள அளவீடுகளைப் புரட்டுகிறீர்கள். ஊற்றுகளின் மொத்த வெளியேற்றம் விநாடிக்கு இத்தனை கிலோகிராம் என்று யாரோ பாடுபட்டு அளந்த ஓர் எண் கிடைக்கிறது. கையில் இருக்கும் உறுதியான எண் அது ஒன்றுதான். ஆகவே மாதிரியின் மேற்பரப்புக் கட்டத்தில், அந்த அளவு நீரை ஒவ்வொரு விநாடியும் வெளியேற்றும்படி எழுதிவிடுகிறீர்கள். மாதிரியை ஓட்டுகிறீர்கள். ஊற்றின் கணக்கிட்ட வெளியேற்றமும் அளந்த வெளியேற்றமும் ஒரு புள்ளி பிசகாமல் ஒன்றிப்போகின்றன.

ஒன்றாமல் எப்படிப் போகும்? நீங்கள்தானே அதை எழுதினீர்கள்! இனி அந்த மாதிரியில் கிணறுகளைப் பத்து மடங்காக்கினாலும் ஊற்று அதே அளவு நீரைத் தந்துகொண்டேதான் இருக்கும். ‘கிணறுகளால் ஊற்றுக்குப் பாதிப்பில்லை’ என்ற விடை, கேள்வி கேட்கப்படுவதற்கு முன்பே மேற்பரப்புக் கட்டத்தில் எழுதப்பட்டுவிட்டது.

என் முதல் தனிப் பொறுப்பில் நான் செய்தது இதுவே. ஓட்டத்தின் நடுவில் மாதிரி எனக்கு எச்சரிக்கையும் செய்தது. கிணறுகள் நீரை இழுக்க இழுக்க மேற்பரப்புக் கட்டத்தின் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்திற்கும் கீழே போனது. அங்கே நீர் கொதிக்கத் தொடங்கியது. காலப்படி மாதங்களிலிருந்து விநாடிகளுக்குச் சுருங்கி, கணிப்பே நகராமல் நின்றது. திறந்தவெளியில் இருக்கும் ஓர் ஊற்றின் வாயில் வளிமண்டலத்தைவிடக் குறைந்த அழுத்தம் வர முடியாது என்று அப்போதே நான் நின்று யோசித்திருக்க வேண்டும். மாறாக, அதை எண்கணிதத் தொல்லை என்று கருதி, ஒரு மூத்தவர் வேறொரு சூழலுக்காகச் சொல்லித் தந்த உத்தியைப் பயன்படுத்தினேன். டஃப் 2 போன்ற நிரல்களில் ஒரு கட்டத்தின் நிலையை மாறாமல் வைக்க வேண்டுமானால், அதன் கன அளவை நம்ப முடியாத அளவுக்கு, பத்தின் ஐம்பதாம் அடுக்கு கன மீட்டர் என்பதுபோல, பெரிதாக்கிவிடுவார்கள். நான் ஊற்றுக் கட்டத்திற்கே அதைச் செய்தேன். சூரியனையும் கோள்களையும் உள்ளே போட்டாலும் நிறையாத ஒரு தொட்டியை ஊற்றின் வாயில் வைத்துவிட்டு, அது வற்றவில்லை என்று அறிக்கை எழுதினேன்.

அறிக்கையைப் பார்த்த மூத்த பொறியாளர் ஒருவர், 50 ஆண்டுக் கணிப்பில் வெளியேற்றத்தின் வரைபடம் அளவுகோல் வைத்து இழுத்ததுபோல் நேராக இருப்பதைச் சுட்டி, “இது கணினி போட்ட கோடா, நீங்கள் போட்ட கோடா?” என்று கேட்டார். என்னிடம் விடை இல்லை.

திருத்துவதற்கு ஒரு நாள்தான் ஆகும் என்று நினைத்தேன். எட்டு மாதங்கள் ஆயின. அந்த நேர்கோட்டைக் காப்பாற்றுவதற்காக, எனக்கே தெரியாமல், பாறைகளின் ஊடுருவுதிறனையும் ஆழத்திலிருந்து ஏறும் வெந்நீரின் அளவையும் வளைத்துப் பொருத்தி வைத்திருந்தேன். வெளியேற்றத்தை விடுவித்த அடுத்த கணமே மற்ற எல்லாம் குலைந்தன. கிணறுகளின் அழுத்தப் பதிவுகளோடு இருந்த அழகான பொருத்தமும் போயிற்று. அடித்தளக் கல்லை உருவியபின் சுவரை மட்டும் நிறுத்தி வைக்க முடியாது. முதலிலிருந்து கட்ட வேண்டியதாயிற்று.

இதன் இயற்பியல் நமக்குப் புதியதன்று. ஏரியின் கலிங்கைப் பார்த்தவர்களுக்கு விளங்கும். ஏரி நிறைந்து நீர்மட்டம் கலிங்கின் விளிம்புக்கு மேலே இருக்கும்வரை உபரி நீர் வழியும். மட்டம் விளிம்புக்கு ஒரு சாண் கீழே இறங்கினால், ஏரியில் கண்ணுக்கெட்டியவரை நீர் நின்றாலும், கலிங்கு காய்ந்து கிடக்கும். ஊற்றின் வாய் ஒரு கலிங்கு. வெளியேற்றம் என்பது அடியிலுள்ள அழுத்தத்திற்கும் வாயின் உயரத்தில் தேவைப்படும் அழுத்தத்திற்கும் உள்ள வேறுபாட்டின் விளைவு. பீச்சூற்றோ கலிங்கின் விளிம்பிலேயே வாழ்கிறது. ஆயிரம் மீட்டர் ஆழத்துக் கிணறு சில மீட்டர் நீர்மட்ட இழப்பைப் பொருட்படுத்தாது; பீச்சூற்று அதற்குள் நின்றுபோயிருக்கும்.

நியூசிலாந்தின் ரோட்டோருவாவில் நடந்தது இதுதான். நகரத்தின் கிணறுகள் பெருகப் பெருக, வாக்கரேவாரேவா வெளியின் பீச்சூற்றுகள் தளர்ந்தன. ஏறக்குறைய ஓயாமல் பீறிட்டுக்கொண்டிருந்த பாப்பக்குரா 1979-இல் நின்றது. 1986-87-இல் போஹுட்டு பீச்சூற்றிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர் தொலைவுக்குள் இருந்த கிணறுகளை மூட அரசு உத்தரவிட்டது. எஞ்சிய கிணறுகளுக்குக் கட்டணம் விதிக்கப்பட்டது. நிலத்தடி அழுத்தம் மீண்டும் ஏறியது. போஹுட்டு வீறு பெற்றது. அங்கே அழிவுக்கும் மீட்சிக்கும் இடையில் இருந்தது மீட்டர் கணக்கில் சொல்லிவிடக்கூடிய நீர்மட்ட வேறுபாடு மட்டுமே. வெளியேற்றத்தை எண்ணாக எழுதிய மாதிரி ஒன்று அன்று அந்த நகரத்தின் முடிவுக்கு அடிப்படையாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கவே எனக்குக் கசப்பாக இருக்கிறது.

சரியான முறை இதைவிடக் கடினமானதன்று. மேற்பரப்புக் கட்டத்தை, வளிமண்டல அழுத்தத்தில் நிலைநிறுத்திய ஒரு வெளிக்கட்டத்தோடு இணையுங்கள். அல்லது அழுத்த வேறுபாட்டுக்கு ஏற்ப நீரை விடும் கிணறு ஒன்றை ஊற்றின் இடத்தில் வையுங்கள். பரவலாகப் பயன்படும் நிரல்கள் எல்லாவற்றிலும் இதற்கு வழி உண்டு. அளந்த வெளியேற்றத்தை உள்ளீட்டிலிருந்து எடுத்து, ஒப்பிட்டுப் பார்க்கும் அளவீடுகளின் பட்டியலில் சேருங்கள். அந்த எண்ணை மாதிரி தானாக எட்ட வேண்டும். எட்டாவிட்டால் எட்டாததே ஒரு செய்தி. ஊற்றின் வெளியேற்றம் சுழியை, அதாவது பூச்சியத்தைத் தொடவும், தேவையானால் மேற்பரப்பின் குளிர்ந்த நீர் அதன் வழியே உள்ளே இறங்கவும் இடம் விடுங்கள். பிறகு மூன்று ஓட்டங்கள்: கிணறே இல்லாமல் ஒன்று, இப்போதைய அளவில் ஒன்று, பத்து மடங்கில் ஒன்று. மூன்றிலும் ஊற்றின் கோடு ஒன்றாகவே இருந்தால், நிலத்தடியைப் பற்றி அந்த மாதிரிக்கு எதுவும் தெரியாது.

கிணறு எடுக்கும் நீர் எங்கிருந்து வருகிறது என்பதற்கு மூன்றே விடைகள் உண்டு என்பதை 1940-லேயே நிலத்தடி நீரியல் அறிஞர் சார்லஸ் தைஸ் தெளிவாக்கிவிட்டார்: தேக்கத்தின் இருப்பு குறைய வேண்டும், இயற்கையான வெளியேற்றம் குறைய வேண்டும், அல்லது உள்வரத்து கூட வேண்டும். வெளியேற்றத்தை நீங்கள் பூட்டிவிட்டால் மற்ற இரண்டும்தான் மிஞ்சும். மாதிரியின் பக்கச் சுவர்களையும் மாறா அழுத்தத்தில் வைத்துவிட்டால், உள்வரத்து வற்றாத கடலாகிவிடும். இந்த இரட்டைத் தவறைத்தான் அண்மையில் பார்த்த மூன்று கோப்புகளில் இரண்டில் கண்டேன். மூன்றாவதில் இன்னும் நவீனமான வடிவம்: தானியங்கிப் பொருத்து நிரலுக்கு ஊற்றின் வெளியேற்றத்தையும் ஓர் அளவீடாகக் கொடுத்து, அதே எண்ணை உள்ளீடாகவும் எழுதியிருந்தார்கள். அந்த வரிசைகளில் பிழை சுழி என்பதால், மொத்தப் பொருத்தத்தின் தரமும் சிறப்பாகத் தெரிந்தது. அந்தக் கோப்புக்கு உரியவர் அதைப் பெருமையோடுதான் அனுப்பியிருந்தார்; அவரைக் குறை சொல்ல எனக்கு உரிமையில்லை.

நீர் 100 பாகையில் கொதிக்கும் என்று எழுதுவது

கொதிநிலை அழுத்தத்தைப் பொறுத்தது: ஓல்டு ஃபெய்த்ஃபுல்லின் உயரத்தில் 93 பாகை செல்சியஸ், எல் தாத்தியோவில் ஏறத்தாழ 86, கடல்மட்டத்தில் பத்து மீட்டர் நீருக்கடியில் 120.

இயற்கை நிலையை எட்டாமலே கிணற்றைத் திறப்பது

மாதிரியைக் கிணறுகளே இல்லாமல் பல்லாயிரம் ஆண்டுகள் ஓட்டி அது அசையாமல் நிற்கிறதா என்று பார்க்காவிட்டால், பின்னர் தெரியும் சரிவு கிணற்றால் வந்ததா, மாதிரி இன்னும் தன் இருப்பிடத்தைத் தேடிக்கொண்டிருப்பதால் வந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது.

பாதிப்பு என்றால் வற்றுவது மட்டும் என்று எண்ணுவது

நியூசிலாந்தின் வைராக்கேய் மின்நிலையம் 1958-இல் இயங்கத் தொடங்கியது. இத்தாலியின் லார்தெரெல்லோவுக்குப் பிறகு புவிவெப்பத்தால் பெருமளவில் மின்சாரம் எடுத்த இடம் அது. நீர் நிறைந்த தேக்கத்திலிருந்து அவ்வாறு எடுத்த முதல் இடமும் அதுவே. தேக்கத்தின் அழுத்தம் சுமார் 25 பார் (ஒரு பார் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம்) குறைந்தது. அருகிலிருந்த பீச்சூற்றுப் பள்ளத்தாக்கின் ஊற்றுகள் 1960-களில் அடங்கிப்போயின. நிலம் சில இடங்களில் 15 மீட்டர் அளவுக்குத் தாழ்ந்தது. எடுத்த நீரைத் திரும்ப நிலத்துக்குள் செலுத்தாமல், நெடுங்காலம் வைக்காட்டோ ஆற்றில் விட்டுவந்தார்கள்.

இதுவரை எல்லாரும் எதிர்பார்ப்பதே. ஆனால் அதே காலத்தில், சில கிலோமீட்டர் தள்ளி இருந்த கராப்பிட்டி வெளியில் நிலம் முன்னைவிடப் பன்மடங்கு சூடாகி, ஆவித்துளைகளும் கொதிசேற்றுக் குழிகளும் பெருகின. ஆழத்தில் அழுத்தம் விழுந்தபோது அங்கிருந்த வெந்நீர் கொதித்து ஆவியாயிற்று. அடர்த்தி குறைந்த ஆவி தனி வழியில் மேலே ஏறியது. நீரை நம்பிய ஊற்றுகள் செத்தன, ஆவியை நம்பியவை செழித்தன. அனைத்தும் திரவ நீர் என்று கொண்டு இயங்கும் நிலத்தடி நீர் மாதிரி ஒன்றைச் சற்றே சூடாக்கிப் பயன்படுத்துபவர்களுக்கு இந்த இரண்டாம் பாதி ஒருபோதும் தெரியாது.

இருநிலைக் கலவையை முறையாகக் கணக்கிடும் நிரலை எடுத்துக்கொண்டாலும் ஒரு பொறி காத்திருக்கிறது. நீரும் ஆவியும் சேர்ந்திருக்கும் பாறை, வெறும் நீர் நிறைந்த பாறையைவிட நூறு முதல் ஆயிரம் மடங்கு அமுங்கக்கூடியது. அழுத்தம் சற்றே குறைந்தாலும் கொஞ்சம் நீர் ஆவியாகி அந்த இடத்தை நிரப்பிவிடும். எனவே அழுத்த மாற்றம் அங்கே மிக மெதுவாகப் பரவும். ஓராண்டுப் பதிவை வைத்துக்கொண்டு, கிணற்றிலிருந்து ஊற்றுக்குப் பாதிப்பு எட்டவில்லை என்று முடிவு கட்டாதீர்கள். அது இன்னும் வழியில் இருக்கலாம்.

எல்லாப் பழியையும் கிணற்றின்மேல் போடுவது

முந்தைய தவறிலிருந்து மீண்டவர்கள் இதில் விழுவார்கள், நானும் விழுந்தேன். ஊற்று தளர்ந்தது என்றால் உடனே கிணற்றைத் தேடும் பழக்கம் வந்துவிடுகிறது.

எல்லோஸ்டோனின் பீச்சூற்றுப் படுகைகளில் மின்நிலையக் கிணறுகள் கிடையாது. ஆயினும் 1959 ஆகஸ்டில் ஹெப்கன் ஏரி நிலநடுக்கம் அங்குள்ள நூற்றுக்கணக்கான ஊற்றுகளின் போக்கை மாற்றியது. 1983 அக்டோபரில் ஐடஹோவின் போரா சிகர நிலநடுக்கத்திற்குப் பின் ஓல்டு ஃபெய்த்ஃபுல்லின் இடைவெளி நீண்டது. 2002 நவம்பரில் அலாஸ்காவின் டெனாலியில் ஏற்பட்ட நடுக்கத்தை, 3,000 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்த எல்லோஸ்டோன் ஊற்றுகள் சிலவும் உணர்ந்தன. ஸ்டீம்போட் பீச்சூற்று 2018 மார்ச்சில் காரணம் சொல்லாமல் விழித்து, அந்த ஆண்டில் 32 முறையும் அடுத்த ஆண்டில் 48 முறையும் வெடித்தது. ஓல்டு ஃபெய்த்ஃபுல்லின் மேட்டில் கிடைத்த, கல்லாய் உறைந்த மரத்துண்டுகள், 13, 14-ஆம் நூற்றாண்டுகளில் நீடித்த வறட்சியின்போது அந்த ஊற்று பல பத்தாண்டுகள் ஓய்ந்து கிடந்ததையும் அங்கே மரங்கள் வளர்ந்ததையும் காட்டுகின்றன. ரஷ்யாவின் கம்சாத்காவிலுள்ள பீச்சூற்றுப் பள்ளத்தாக்கில் 2007 ஜூன் 3 அன்று விழுந்த நிலச்சரிவு, ஆற்றை மறித்து, ஊற்றுகள் பலவற்றை நீருக்கடியில் ஆழ்த்தியது.

ஆகவே, கிணறு தோண்டுவதற்கு முன்பிருந்தே தொடரும் பதிவு வேண்டும். மழை, ஆற்று நீரோட்டம், நிலநடுக்கப் பட்டியல் ஆகியவை பக்கத்திலேயே இருக்க வேண்டும். முடிந்தால், கிணறுகள் எட்டாத தொலைவிலுள்ள இன்னோர் ஊற்றை ஒப்பீட்டுக்கு வைத்துக்கொள்ள வேண்டும். இவை இல்லாத இடங்களில் வழக்குகள் நீள்கின்றன. எல் தாத்தியோவுக்கு அருகே 2009 செப்டம்பரில் ஓர் ஆய்வுக் கிணற்றிலிருந்து ஏறத்தாழ 60 மீட்டர் உயரத்திற்கு ஆவி பீறிட்டபோது, அந்தக் கிணற்றுக்கும் பீச்சூற்றுகளுக்கும் தொடர்பு உண்டா என்ற வாதம் அளவீடுகளைவிட வேகமாக ஓடியது. அமெரிக்காவின் நெவாடாவில் பியோவாவே, ஸ்டீம்போட் ஸ்பிரிங்ஸ் ஆகிய இரு பீச்சூற்று வெளிகளும் புவிவெப்பத் துளையிடலோடு அழிந்தன. அங்கே அந்த ஐயத்திற்கு இடமில்லை.

சந்திரனைச் சேர்ப்பது

சந்திரனின் ஈர்ப்பால் நிலம் சற்றே ஏறி இறங்கும் ஓதங்கள் பீச்சூற்றுகளை ஆட்டுகின்றன என்ற பழைய கூற்று, நீண்ட பதிவுகளின் முன் நிற்கவில்லை, விட்டுவிடுங்கள்.

குப்பையை மறப்பது

குழாயில் கல்லைப் போட்டு அடைத்த சுற்றுலாப் பயணி எந்தத் தேக்க மாதிரியிலும் இல்லை. 2018 செப்டம்பரில் எல்லோஸ்டோனின் இயர் ஸ்பிரிங் பீறிட்டபோது, நாணயங்களோடு 1930-களைச் சேர்ந்த ஒரு குழந்தைச் சூப்பானும் வெளியே வந்து விழுந்தது.

போன வழியே திரும்பி வரும் என்று கணிப்பது

மாதிரியில் கிணறுகளை மூடுவது ஒரே வரி. அழுத்தம் ஏறும், வெளியேற்றம் திரும்பும். அழிவின் வளைவைக் கண்ணாடியில் பார்த்ததுபோல் மீட்சியின் வளைவு வரும். பயிற்சியில் இருப்பவர்கள் இந்தச் சமச்சீரைக் கண்டு மகிழ்ந்து, ‘கிணறுகளை மூடிய இத்தனை ஆண்டுகளில் பீச்சூற்று மீளும்’ என்று தேதி குறித்து எழுதிவிடுகிறார்கள்.

நிலத்துக்கடியில் அழுத்தம் ஒன்று மட்டும் மாறுவதில்லை. ஊற்று தளர்ந்திருந்த காலத்தில் பக்கத்திலிருந்த குளிர்ந்த நீர் உள்ளே புகுந்து பாறையைக் குளிர்வித்திருக்கும். பாறை இழந்த வெப்பத்தை அழுத்தத்தின் வேகத்தில் மீட்க முடியாது. குளிரும் நீரிலிருந்து சிலிக்கா படிந்து விரிசல்களை அடைத்திருக்கும். குழாயின் சுவர் சரிந்திருக்கலாம். தாழ்ந்த நிலம் பெரும்பாலும் மேலெழாது. நியூசிலாந்தின் ஓராக்கேய் கோராக்கோவில் 1961-இல் ஒஹாக்குரி அணைக்காக நீர் நிரப்பியபோது மூழ்கிய பீச்சூற்றுகளுக்கு அழுத்தக் குறைவே நேரவில்லை. மேலே ஏரி நிற்கும்வரை அவற்றுக்குத் திரும்பும் வழியும் இல்லை. வைராக்கேயின் பீச்சூற்றுப் பள்ளத்தாக்கும் மீளவில்லை. ஐஸ்லாந்தில் கெய்சிரை எழுப்ப 1935-இல் அதன் சிலிக்கா விளிம்பை வெட்டி நீர்மட்டத்தைத் தாழ்த்தினார்கள். வெட்டிய வாய்க்காலைச் சிலிக்காவே மறுபடி அடைத்தது. 2000 ஜூன் நிலநடுக்கங்கள் அதைச் சில காலம் எழுப்பின.

மீட்சியைக் கணிக்க வேண்டுமானால், பாறையின் வெப்ப இழப்பை அழிவுக் காலம் முழுவதற்கும் ஓட்டி, அந்த நிலையிலிருந்து மீட்சியைத் தொடங்குங்கள். ஊடுருவுதிறனை ஒரே எண்ணாக வைக்காமல், அடைபட்ட குழாயின் குறைந்த மதிப்புகளையும் சேர்த்து ஓட்டுங்கள். வரும் தேதிகளின் முழு வீச்சையும் அறிக்கையில் எழுதுங்கள். வீச்சு அகலமாக இருக்கும். கேட்டவர்கள் முகம் சுளிப்பார்கள். கிணறுகளை மூடிய சில ஆண்டுகளிலேயே ரோட்டோருவாவின் நிலத்தடி அழுத்தம் பெரும்பாலும் மீண்டுவிட்டது. அழுத்தம் ஒன்றை மட்டும் அறிந்த மாதிரி, பாப்பக்குராவும் 1990-களின் தொடக்கத்திலேயே பீறிட்டிருக்க வேண்டும் என்றுதான் சொல்லும். அது மறுபடி வெடித்தது 2015-இல்.